ஒரு அரைச் சுற்றுக்குப் பத்தாயிரம் ரூபாய்

எங்கள் வீட்டுக் கழிவறையில், ஃப்ளஷ் டேங்குக்குக் கீழே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆங்கிள் காக் (டேங்குக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் சின்ன வால்வு) நாலு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பெரிய ஒழுகல் இல்லை. இரவு படுக்கும்போது அடியில் ஒரு மக்கு வைத்தால் காலையில் நிறைந்திருக்கும். அதை எடுத்துப் பால்கனி செம்பருத்திக்கு ஊற்றுவேன் (கழிவறைத் தண்ணீர் என்பதால் துளசிக்கு மட்டும் ஊற்றவில்லை). செடிக்குத்தானே போகிறது என்று எனக்கு நானே சமாதானம் வேறு. கணவருக்கு மஸ்கட்டில் வேலை, மகள் திருச்சியில் ஹாஸ்டலில். வீட்டில் நான் மட்டும்தான். இந்தச் சின்ன வேலைக்கு பிளம்பர் வரமாட்டார், வந்தாலும் ஐந்நூறு கேட்பார், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் அந்தச் சொட்டு என்னிடமிருந்து ஏறக்குறையப் பத்தாயிரம் ரூபாயையும் மூன்று நாள் தூக்கத்தையும் வாங்கிக்கொண்டுதான் நின்றது.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு உதவும். மடிப்பாக்கத்தில் 1996இல் கட்டிய பன்னிரண்டு வீட்டு அடுக்ககம். எங்களுடையது இரண்டாவது மாடி. சுவருக்குள் ஓடுவதெல்லாம் அந்தக் காலத்து ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். போர் தண்ணீர்தான். ஆர்ஓ சர்வீஸுக்கு வரும் பையன் தண்ணீரில் உப்பை அளக்கும் மீட்டரை விட்டுப் பார்த்து 1,300 என்று சொல்லிவிட்டுச் சிரிப்பான். இந்த உப்புத் தண்ணீரில் குழாய்கள் எல்லாம் ஒரு வருஷத்தில் வெள்ளை பூத்துவிடும். ஆனால் வெளியே பூக்கிற உப்பு நம் கண்ணில் படுகிறது, உள்ளே நடப்பது படுவதில்லை. அந்த ஆங்கிள் காக்கை நாங்கள் குடிவந்த ஏழு வருஷத்தில் யாரும் ஒருமுறைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை. கைப்பிடியைச் சுற்றி வெள்ளையும், சுவரை ஒட்டிய இடத்தில் பச்சைக் களிம்பும் இருந்தன. வெள்ளையைப் பார்த்துச் சலித்துக்கொண்டேனே தவிர, பச்சையைக் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டியது அதைத்தான், காக்கின் பித்தளை அரிபடுகிறது என்பதன் அடையாளம் அது.

ஆங்கிள் காக் ஒழுகுகிறது என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், ஒழுகக்கூடிய இடங்கள் மூன்று. கைப்பிடி வெளியே வரும் இடம், அதாவது கைப்பிடி மாட்டியிருக்கும் தண்டான ஸ்பிண்டிலைச் சுற்றி. மேலே கனெக்‌ஷன் பைப் மாட்டியிருக்கும் நட். அப்புறம் சுவருக்குள் போகும் திரெட், அதாவது மரை. மூன்றிலும் தண்ணீர் கடைசியில் ஒரே இடத்தில்தான் சொட்டும் என்பதால், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முழுவதையும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, டிஷ்யூ பேப்பரைக் கிழித்து மூன்று இடத்திலும் தனித்தனியாகச் சுற்றி ஐந்து நிமிஷம் விட வேண்டும். எது முதலில் நனைகிறதோ அங்கேதான் கோளாறு. இதை நான் தெரிந்துகொண்டது எல்லாம் முடிந்த பிறகு. அன்றைக்கு நான் செய்தது, கடையில் எம்சீல் வாங்கி வந்து பிசைந்து, சொட்டுகிற இடம் முழுக்க அப்பியது. ஈரத்தின் மேல், தண்ணீர் அழுத்தம் இருக்கும்போதே ஒட்டினால் எதுவும் பிடிக்காது. மறுநாள் மாவுப் பலகாரம் மாதிரி மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு எனக்கு ஏன் ரோஷம் வந்தது என்று தெரியவில்லை. வீடியோவில் ஒருவர் ஸ்பிண்டிலை ஒட்டிய கிளாண்ட் நட்டை லேசாக இறுக்கினார், சொட்டு நின்றது. இவ்வளவுதானா என்று, அன்று சாயங்காலம்தான் 450 ரூபாய்க்கு வாங்கியிருந்த புது ஸ்பானரோடு உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னது தப்பில்லை. ஸ்பிண்டிலில் வரும் ஒழுகலுக்கு அதுதான் வைத்தியம், அரைக்கால் சுற்று இறுக்கினாலே பல சமயம் போதும். ஆனால் அவர் இன்னொரு ஸ்பானரால் காக்கின் உடம்பைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. நட் அசையவில்லை. எழுந்து நின்று, சுவரில் ஒரு கையை ஊன்றி, உடம்பு எடையையும் சேர்த்து அழுத்தினேன். சரக்கென்று திரும்பியது. நட் இளகிவிட்டது என்றுதான் நினைத்தேன். திரும்பியது நட் இல்லை, மொத்தக் காக்கும். அரைச் சுற்று போயிருக்கும். முறுக்கு உடைவது போல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். காக் கனெக்‌ஷன் பைப்பில் தொங்கியது, சுவரிலிருந்து தண்ணீர் நேராக என் நெஞ்சில் அடித்தது.

அடுத்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அன்று அழுதேன். வீட்டுக்குள் தண்ணீரை நிறுத்த வேறு வால்வே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்களுடையது மாதிரி பழைய கட்டடங்களில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து டக்ட் என்ற பைப் சந்தின் வழியாக லைன் லைனாகக் கீழே இறங்கும். ஒரு லைன் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும் எல்லா வீட்டுக் கழிவறைகளுக்கும் பொது. மூடுவதென்றால் மாடியில்தான் மூட வேண்டும். கணவருக்கு போன் போட்டால், “மெயினை மூடு, மெயினை மூடு” என்கிறார். எது மெயின் என்று அவருக்கும் தெரியாது. நனைந்த நைட்டியின் மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினேன். வாட்ச்மேன் தாத்தா டார்ச்சோடு பின்னால் வந்தார். அங்கே ஆறு கேட் வால்வுகள் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் பெயர் கிடையாது. முதல் வால்வை மூடினோம், கீழே தண்ணீர் நிற்கவில்லை. இரண்டாவதை மூடினோம், மூன்றாவது மாடியில் குளித்துக்கொண்டிருந்தவர் கத்தினார். நாலாவதுதான் எங்களுடையது போலிருந்தது. ஏனென்றால் அதன் சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கேட் வால்வுக்குள் ஒரு தகடு மேலும் கீழும் போய்த்தான் தண்ணீரை அடைக்கும். பல வருஷம் அசைக்காமல் விட்டால் தகடு உப்பில் இறுகிவிடும், பலமாகத் திருப்பினால் ஸ்பிண்டில் தகட்டிலிருந்து கழன்றுவிடும். பிறகு சக்கரம் சும்மா சுற்றும். எங்களுக்கு முன்னாலேயே யாரோ அந்தக் கைங்கர்யத்தைச் செய்துவிட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிள் காக்கில் கை வைப்பதற்கு முன் மாடிக்குப் போய் உங்கள் லைன் வால்வை மூடி, கீழே வந்து குழாயைத் திறந்து, தண்ணீர் நின்றுவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். வால்வு இருக்கிறது என்பதும் வால்வு மூடும் என்பதும் வேறு வேறு. மூடவில்லை என்றால் அன்றைக்கு அந்த வேலையே வேண்டாம், மக்கு வைத்துக்கொண்டு இருங்கள். இன்னொன்று, பாத்ரூமில் கீசர் இருந்தால் அதன் எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்சை) அணைத்துவிட்டு உட்காருங்கள். தண்ணீர் பீச்சியடித்தபோது ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு முழம்தான் இடைவெளி இருந்தது. அது எனக்கு ஞாபகம் வந்தது மறுநாள்.

கீழே வந்தபோது ஹால் வரைக்கும் தண்ணீர். பாத்ரூம் தரைச் சல்லடையில் முடி அடைத்திருந்தது, அதைப் பிடுங்கி எறிந்ததும் மளமளவென்று வடிந்தது. முதலில் செய்திருக்க வேண்டிய வேலை அது. சுவர் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துப் பார்த்தேன். ஆச்சரியமாக, முடிந்தது. சுற்றிலும் பீச்சியது, ஆனால் விரலைத் தள்ளவில்லை. பிறகு கணக்குப் போட்டால் புரிகிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம். எங்கள் காக்குக்கும் தொட்டிக்கும் நடுவே எட்டு மீட்டர் இருக்கும். அரை இன்ச் துளையின் பரப்பு ஒன்றேகால் சதுர சென்டிமீட்டர். ஆக, என் விரலைத் தள்ளியது சுமார் ஒரு கிலோ எடைதான். ஒரு சர்க்கரைப் பொட்டலம். ஆளை மிரட்டுவது அந்தச் சத்தம்.

விரல் தாங்கும் என்றால் ஆப்பும் தாங்கும். தாத்தாவைக் கொஞ்ச நேரம் விரல் வைக்கச் சொல்லிவிட்டு, சமையலறையில் மரக்கரண்டியின் காம்பை ஒடித்து, நுனியைக் கத்தியால் பென்சில் மாதிரி சீவினேன். பழைய பருத்தி வேட்டியில் இரண்டு விரல் அகலத்துக்கு நாடா கிழித்து அதன் மேல் இறுக்கிச் சுற்றி, ஓட்டையில் திருகிச் செருகிச் சப்பாத்திக் கட்டையால் நாலு தட்டு. பலமாக அடிக்கவில்லை, உள்ளே காக் மாட்டும் எல்போ என்ற வளைவுத் துண்டு விண்டுவிட்டால் சுவரே ஒழுகும். முதலில் கசிந்தது. அரை மணியில் மரமும் துணியும் ஊறிப் பருத்ததும் கசிவு சொட்டாகக் குறைந்தது. அடியில் அதே மக்கை வைத்தேன். அதற்குள் கீழ் வீட்டு மாமி வாசலில் நின்றார். “ஏம்மா, எங்க பாத்ரூம் கூரையிலேர்ந்து மழையா கொட்டறதே, என்னடியம்மா பண்ணினே?” அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. அன்று இரவும் மறுநாள் இரவும் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போய் ஆப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த பிளம்பர் எட்டிப் பார்த்துவிட்டு, டைல்ஸை உடைத்து எல்போவை மாற்ற வேண்டும், எட்டாயிரம் ஆகும், டைல்ஸ் தனி என்றார். வந்து பார்த்ததற்கு 300 ரூபாய். பழைய டைல்ஸுக்கு ஜோடி இப்போது எங்கும் கிடைக்காது, ஒரு கட்டம் மட்டும் வேறு நிறத்தில் பல்லிளிக்கும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் தயங்கினேன், நல்லவேளை. ஹார்ட்வேர் கடைக்காரர்தான், “சுவத்துக்குள்ள உடைஞ்ச திரெட்ட எடுக்கத் தெரியுமான்னு போன்லயே கேளுங்கம்மா. தெரிஞ்சவர் சுவத்த உடைக்க மாட்டார்” என்று சொல்லி ஒருவரைக் காட்டினார். நீங்களும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அதைக் கேட்கத் தெரியாமல் எட்டாயிரம் கொடுக்க இருந்தேன்.

திங்கட்கிழமை வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். வந்ததும் பாத்ரூமுக்குப் போகவில்லை, “மாடி எங்கக்கா?” என்றார். ஞாயிறு இரவிலிருந்து மோட்டார் போடாமல், எல்லா வீட்டிலும் வாளிகளில் பிடித்துவைக்கச் சொல்லித் தொட்டியைக் காலியாக்கியிருந்தோம். செத்துப்போன கேட் வால்வைக் கழற்றிவிட்டுப் பால் வால்வு (உள்ளே துளையுள்ள உருண்டை இருக்கும் வகை) போட்டார். கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் மூடிக்கொள்ளும். கைப்பிடி பைப்போடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது என்று பார்த்தவுடனே தெரியும். அந்தச் செலவைச் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கில் போட்டார்கள், என் கையை விட்டுப் போகவில்லை.

அப்புறம் கீழே வந்து என் மரக்கரண்டியைப் பிடுங்கி, ஒரு பார்வை பார்த்து, “பரவால்லக்கா” என்றார். மூன்று நாளில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடை ஒடித்து, ஒரு முனையில் துணி சுற்றி, உள்ளே மாட்டியிருந்த பித்தளைத் துண்டின் உட்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு கோடு அறுத்தார். கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு. பத்து இழுப்புக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தார், எல்போவின் திரெட்டைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்த பகுதியைச் சின்ன உளியால் உள்பக்கம் மடித்ததும், மிச்சம் தளர்ந்து கையோடு வந்துவிட்டது. முக்கால் மணி நேர வேலை, ஒரு டைல் உடையவில்லை. வந்த துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். உடைந்த முகம் பித்தளை மஞ்சளாக இல்லை, செம்பு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்கில் ஊறினால் துத்தநாகம் கரைந்து வெளியேறி, ஓட்டை ஓட்டையாகச் செம்பு மட்டும் மிஞ்சும். வெளியே குரோம் பளபளப்பு அப்படியே இருக்கும். அவர் இதை “சத்து போயிடுச்சு” என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அந்தத் துண்டில் இன்னொரு விஷயமும் இருந்தது. மூன்றே மூன்று மரைதான் உள்ளே பிடித்திருந்தது. எங்களுக்கு முன் இருந்தவர்கள் பழைய டைல்ஸின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதனால் எல்போவின் வாய் சுவருக்குள் ஓர் இன்ச் தள்ளிப் போய்விட்டது. அதற்கு எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட்டு நீளத்தைக் கூட்டியிருக்க வேண்டும். போடாமல், எட்டியவரைக்கும் காக்கை முறுக்கிவிட்டு, ஃபிளாஞ்ச் என்ற வட்டத் தட்டால் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். குறைந்தது ஐந்தாறு சுற்றாவது உள்ளே போக வேண்டும். வீட்டில் டைல்ஸ் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இதை எண்ணிப் பாருங்கள்.

சீல் பண்ணுவதை அவர் எனக்குக் காட்டிக் காட்டித்தான் செய்தார், நானும் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். எல்போவின் உள்மரையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துக் காயவிட்டார். துருப்பிடித்த ஜிஐ திரெட்டுக்குச் சணல்தான் சரியாம், தண்ணீர் பட்டால் உப்பிக்கொண்டு இடைவெளிகளை அடைத்துவிடும். நிப்பிளின் மரையை ஹாக்ஸா பிளேடால் லேசாகச் சொரசொரப்பாக்கி, சணல் இழைகளைச் சுற்றி, மேலே பெயிண்ட் தடவி முறுக்கினார். நிப்பிளில் ஏறும் புது ஆங்கிள் காக்குக்கு டெஃப்லான் டேப். இதில்தான் பலர் தப்புச் செய்கிறார்கள். மரை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு கடிகாரம் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால், முறுக்கும்போது டேப் பிரிந்து திரண்டு வெளியே வந்துவிடும். முதல் மரையை விட்டுவிட்டு, டேப்பை இழுத்துப் பிடித்தபடி சுற்ற வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய வெள்ளை டேப் என்றால் நாலு சுற்று போதாது, அவர் பதினைந்து சுற்றினார். அப்புறம், முறுக்கும்போது வாய் மேல்பக்கம் வந்து நிற்காமல் கொஞ்சம் தாண்டிவிட்டால், அவசரப்பட்டுப் பின்னால் திருப்பக் கூடாது. திருப்பினால் சீல் போச்சு. முழுவதும் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டிவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும். அவருக்கே ஒருமுறை தாண்டிவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அரை இன்ச் காக்கின் மரையை ஸ்கேலால் அளந்தால் வெளிவட்டம் 21 மில்லிமீட்டர் வரும், கிட்டத்தட்ட முக்கால் இன்ச். அளவை நம்பி முக்கால் இன்ச் கேட்டு வாங்காதீர்கள். அரை இன்ச் என்பது பைப்பின் பெயர். சந்தேகம் வேண்டாம் என்றால் பழைய காக்கையே கையில் எடுத்துப் போங்கள்.

காக்கிலிருந்து டேங்குக்குப் போகும் கனெக்‌ஷன் பைப்புக்கு டேப் தேவையே இல்லை. அங்கே தண்ணீரைத் தடுப்பது நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர், மரை வெறும் பிடிப்புக்குத்தான். பழைய பைப்பையே மாட்டலாம் என்று பார்த்தேன், அதன் வாஷர் கல் மாதிரி இறுகியிருந்தது. 180 ரூபாய்க்குப் புதுசு. கையால் இறுகும்வரை திருகி, ஸ்பானரால் கால் சுற்று, அதோடு சரி. டேங்கின் அடியில் இருப்பது பிளாஸ்டிக் மரை, என்னைப் போல எழுந்து நின்று திருகினால் அதுவும் உடையும். பைப்பை டேங்கில் மாட்டுவதற்கு முன் அதன் முனையை வாளிக்குள் விட்டுக் காக்கைத் திறந்தார். அரை வாளிக்குச் செக்கச்செவேலென்று துருத் தண்ணீர் வந்தது. அது டேங்குக்குள் போயிருந்தால் மிதவை வால்வில் அடைத்து, அடுத்த பஞ்சாயத்து தொடங்கியிருக்கும். இரவு முழுக்க அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்து வைத்தேன். ஒரு சொட்டு பட்டாலும் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் மொடமொடவென்று இருந்தது.

கணக்கு இதுதான். பிளம்பர் கூலி 1,500. ஆங்கிள் காக், நிப்பிள், பைப், டேப் எல்லாம் சேர்த்து 1,075. முதல் பிளம்பருக்கு 300, ஸ்பானரும் எம்சீலும் 510. மாமி வீட்டுக் கூரையில் ஊறிப்போன பட்டிப் பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூசிப் பெயிண்ட் அடித்ததற்கு 6,500. மொத்தம் 9,885. ஒரு நாள் லீவு தனி. தொடக்கத்திலேயே கூப்பிட்டிருந்தால் கூலியும் சாமானுமாக மூவாயிரத்துக்குள் முடிந்திருக்கும். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று வீட்டில் இருக்கிற எல்லா ஆங்கிள் காக்கையும் ஒருமுறை மூடித் திறக்கிறேன். மாடியிலுள்ள ஆறு வால்வுகளுக்கும் வீட்டு எண் எழுதித் தகரப் பட்டை கட்டியாகிவிட்டது. வாட்ச்மேன் தாத்தாவுக்கும் எது யாருடையது என்று தெரியும்.

போன வாரம் மாமி கூப்பிட்டு, “எங்க வீட்டுதும் லேசா சொட்டறதுடி, நீதான் இப்போ எக்ஸ்பர்ட் ஆச்சே, வந்து பாரேன்” என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரை ஒட்டிய இடத்தில் அதே பச்சைக் களிம்பு, மாமியின் கையில் அவர் மகனுடைய ஸ்பானர். அதை வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டு, “மாமி, செருப்பப் போட்டுக்கோங்க, முதல்ல மாடிக்குப் போகணும்” என்றேன்.